"எனக்கு வராது"

பின்னக் கூட்டல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பையன் எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம். பகுதிகளைச் சமப்படுத்தும் வரை சரியாகவே வந்திருந்தான். நான் எட்டிப் பார்த்ததும் தாளைக் கையால் மூடிக்கொண்டு, "எனக்கு வராது" என்றான்.

ஒரு குறிப்பிட்ட வேலையை நம்மால் செய்ய முடியுமா என்ற இந்தக் கணிப்பைத்தான் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன்திறன் நம்பிக்கை என்று விளக்கினார். பொதுவான தன்னம்பிக்கை வேறு. பேச்சில் கில்லாடியானவன் கணக்கில் சுருண்டுவிடலாம். இதை வளர்ப்பதில் மிகவும் பலமானது, தானே செய்துமுடித்த அனுபவம். "உன்னால் முடியும்" என்ற தட்டிக்கொடுப்பு அதற்கு அப்புறம்தான். (நாம் அதைத்தானே அள்ளி வழங்குகிறோம்!)

கூடவே இலக்கும் இருக்கிறது. கற்றுக்கொள்ள உட்காருவது ஒன்று, மற்றவரை முந்த உட்காருவது இன்னொன்று. இவனுடையது மூன்றாவது வகை: மக்காகத் தெரியக் கூடாது. நம்பிக்கையும் குறைவு, இலக்கும் இது என்றால் முயற்சியே ஆபத்தாகிவிடுகிறது. முயன்று தோற்பதைவிட முயலாமல் இருப்பது கௌரவம்.

சரி என்று இரண்டே வரியில் முடிகிற கணக்கு ஒன்று கொடுத்தேன். போட்டான். இன்னொன்று, அதையும் போட்டான். மூன்றாவதில் மறுபடி அழித்தான். ஆனால் தாளை மூடவில்லை.