மூச்சடைத்த மொரிஸ் மைனர்: ஒயில் ஒழுக்கைத் தேடிய ஐந்து வாரங்கள்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் சுருளோடு காருக்குத் திரும்பினேன். நிறுத்திப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒயில் தேங்கி நின்றது. ஒழுக்கு இருப்பது முன்பே தெரியும். ஆனால் இந்த அளவுக்கு வந்துவிட்டதை அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வந்து ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது.

கார் அப்பாவுடையது. 1098 சிசி இஞ்சின் பூட்டிய மொரிஸ் மைனர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு சித்தப்பா இதை வவுனியாவுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். அதனால்தான் கடைசிப் போரில் அழியாமல் பிழைத்தது. திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தபின் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகிறது.

முதல் சனிக்கிழமை கழுவுவதிலேயே போனது. செம்மண் புழுதியும் ஒயிலும் சேர்ந்து இஞ்சின் முழுக்க விரல் தடிப்புக்கு அப்பியிருந்தது. அந்த அப்பலோடு எந்த இடத்தால் ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் வைத்துச் சுரண்டி, சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டேன். பின்னேரம் இஞ்சினைச் சுற்றி முகப்பவுடரைத் தூவிவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டேன். ஒயில் வரும் இடத்தில் பவுடர் உடனே கறுக்கும். இஞ்சினின் மேல்மூடியான ரொக்கர் கவரின் பின் ஓரம், காற்றும் புகையும் போய்வரும் குழாய்களான மனிபோல்டுக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டப்பெற் கவர்கள், ஒயில் பில்டரின் வாய், இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கிளச் வீட்டுக்கு அடியில் இருக்கும் துளை என்று ஐந்து இடங்கள் கறுத்தன.

மூட்டுகளில் ஒயில் கசியாமல் அடைக்கும் காஸ்கட் ஐந்தும் ஒரே காலத்தில் பழுதாகுமா? அந்தச் சந்தேகத்தோடு பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒயில் மூடியைத் திறந்துபோட்டு ஸ்டார்ட்டிலை விட்டுப் பாத்தனீரோ, தம்பி?" இல்லை என்றேன். "பாரும். இஞ்சினுக்கு மூச்சுவிட வழியில்லாட்டி, கிடைச்ச இடத்தாலை ஒயிலைத் தள்ளும்."

பார்த்தேன். மூடியைத் திறந்ததும் குப் குப் என்று புகை வந்தது. கையை வைத்தால் காற்று உள்ளங்கையைத் தள்ளுகிறது. பிஸ்ரனைச் சுற்றி அடைத்திருக்கும் றிங் தேய்ந்தால் எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்கு என்றே இந்த இஞ்சினில் முன் டப்பெற் கவரிலிருந்து ஒரு குழாய் இருக்கிறது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல காஸ்கட்டையும் தாண்டி ஒயில் வெளியே வரும்.

இரண்டாம் வாரம் ரொக்கர் கவரைத் திறந்தேன். மேலே இரண்டே நட்டுகள். கவரைத் தூக்கியதும் உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் களி. ஒடியல் கூழைக் கறுப்பாகக் காய்ச்சி ஊற்றினாற் போல. மூடிக்குக் கீழே மட்டும் தயிர் போல வெளிறிய ஒரு படலம். அது தண்ணீர். குறுகிய தூரம் ஓடி நிறுத்துவதால் இஞ்சின் நன்றாகச் சூடேறுவதில்லை, உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஒயிலோடு கலக்கிறது. இதற்கு மேல், மண்ணெண்ணெய்க் காலத்தில் எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைக் கெடுத்திருக்கும். அந்தக் காலத்துக் கசடு அடியில் இன்னும் கிடக்கும் என்று மனதில் பட்டது, ஏனென்றால் ஒயில் தங்கும் அடிச்சட்டியான சம்ப்பை யாரும் இறக்கியதாக அப்பாவுக்கு நினைவில்லை.

ஒயிலோடு டீசல் கலந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்தால் எல்லாம் கழுவுப்பட்டுவிடும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் செய்யவில்லை. களி கரைந்து போனால் நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் கட்டி கட்டியாக உடைந்து, ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். பெயரிங்குக்கு ஒயில் போகாத ஒரு நிமிடம் போதும், இஞ்சின் முடிந்துவிடும். ஆகவே கையால்தான். தேக்கரண்டியால் வழித்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, புஷ் ரொட் என்ற கம்பிகள் இறங்கும் துளைகளைச் சுற்றி ஒரு துணுக்கும் உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டேன். சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்த நாட்கள் அவை. கைவிட்டு எழும்பும்போதெல்லாம் ஈரச் சாக்கால் மூடிவிட்டுத்தான் போனேன்.

மூன்றாம் வாரம் மனிபோல்டைக் கழற்றினேன். பின் டப்பெற் கவருக்குக் கை போக வேறு வழியில்லை. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே ஒயில் விட்டு வைத்திருந்ததால் ஒரு ஆணியும் உடையவில்லை. முன் கவர் கையில் வந்ததும் முதலில் குழாயை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்றே போகவில்லை. உள்ளே இருக்கும் கம்பிச் சல்லடை, களி இறுகித் தார்க்கட்டி போல ஆகிவிட்டது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தேன். கடைசியில் ஊதியபோது மறுபக்கத்தால் காற்று வந்தது. அந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் சந்தோஷமான நேரம் அதுதான். பெரும்பாலான ஒழுக்குக்கும் வேர் அந்தக் குழாய்க்குள் இருந்தது.

டப்பெற் கவர் ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே போல்ட் தான் பிடிக்கிறது. ஒழுக்கு நிற்கட்டும் என்று யாரோ அதை இறுக்கி இறுக்கித் தகட்டை வளைத்திருக்கிறார்கள். தட்டையான மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நேராக்கினேன். தக்கைக் காஸ்கட்டுக்கு இறுக்கம் ஆகாது. அது நசிந்தால் ஓரம் பிதுங்கி, பிறகு எப்போதும் ஒழுகும்.

நான்காம் வாரம் சம்ப். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்த காஸ்கட் செற் வந்து சேரும்வரை பொறுத்திருந்தேன். இறக்கினால் அடியில் ஒரு விரற்கடைக்குக் கசடு, ஒயில் உறிஞ்சும் வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. டீசல் விட்டு ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வயிறு கலங்கியது. வலையைக் கழுவி, முன்னும் பின்னும் வரும் அரைவட்டத் தக்கைகளைப் புதிதாக வைத்து, போல்ட்களைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பில்டர் வாயின் ஒழுக்குக்குக் காரணம் வேறு: பழைய றப்பர் வளையத்தை எடுக்காமல் அதற்கு மேலேயே புதியதை வைத்திருக்கிறார்கள். ஊசியால் கிளறி எடுத்தேன்.

வடித்த ஒயிலையும் கழுவிய மண்ணெண்ணெயையும் கானில் சேர்த்து வைத்திருக்கிறேன். கிணறு பக்கத்தில் இருக்கும் வளவில் ஒரு சொட்டும் நிலத்தில் ஊற்றக் கூடாது. அண்ணை தன் கராஜ் கழிவொயிலோடு சேர்த்து எடுப்பதாகச் சொன்னார்.

20டபிள்யூ-50 ஒயில் நான்கு லீற்றர்க் கான் ஒன்று வாங்கினேன். பில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 3.7 லீற்றர் பிடித்தது. முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிய பிறகுதான் இஞ்சினை எழுப்பினேன். மூடியைத் திறந்தால் புகை இன்னும் வருகிறது. றிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் கையைத் தள்ளும் அழுத்தம் இல்லை. 200 கிலோமீற்றரில் அந்த ஒயிலையும் சூட்டோடு வடித்தேன், கறுப்பாகத்தான் வந்தது. மிச்சக் களி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அடுத்ததை 500இல் மாற்றப் போகிறேன்.

போன ஞாயிறு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு முறிகண்டிக்குப் போனேன். நிறுத்தியதும் காருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்தேன். தேங்காய் உடைத்து, கச்சான் கொறித்து, அரை மணி நேரம் கழித்து மட்டையை இழுத்துப் பார்த்தால், கிளச் வீட்டுத் துளைக்கு நேரே இரண்டு சொட்டு. மற்ற நான்கு இடமும் காய்ந்திருந்தன. அந்தப் பின்பக்கத்தில் றப்பர் சீல் கிடையாது. இஞ்சினின் சுழலும் தண்டில் வெட்டிய திருகு வரிதான் ஓடும்போது ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அதனால் நிறுத்தியபின் ஓரிரு சொட்டு விழும். அப்பா மட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மண்ணெண்ணெயிலை ஓடேக்கை இதைவிடக் கூட விட்டதடா," என்றார். மட்டையில் திகதி எழுதிக் கொட்டில் சுவரில் மாட்டியிருக்கிறேன், அடுத்த மாதத்து மட்டையோடு வைத்துப் பார்க்க.