நேபாள மலைக் கிராமத்துப் பல் முகாமுக்குப் போய் வந்த கதை

கொழிஞ்சாம்பாறையில் பல் கிளினிக் நடத்துகிறேன். நேபாளத்தில் இலவச முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பல் டாக்டர்கள் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். ஆனால் டிக்கெட்டுக்கு முன்னால் தடுப்பூசியைப் பாருங்கள். ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான ஊசி 3 தவணை. முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் 6 மாத இடைவெளி. எனக்குப் படிக்கும்போதே போட்டாயிற்று. கூட வந்த உதவியாளர் பெண்ணுக்கு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, அதனால்தான் பயணமே தள்ளிப்போனது.

அடுத்தது காகிதம். நம் டென்டல் கவுன்சிலில் நன்னடத்தைச் சான்று வாங்கி அனுப்பினால், அங்கே முகாம் நடத்துபவர்கள் நேபாள மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பிப்பார்கள். இலவச சேவைதானே என்று பதிவில்லாமல் யாரும் போகாதீர்கள். பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பட்டத்தில் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று அஃபிடவிட் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

"ஏனுங் டாக்டரம்மா, நம்மூருல இல்லாத சொத்தப்பல்லா?" என்று கிளினிக்கில் ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே பஸ் ஏறினால் ஒரு பக்கம் பாலக்காடு, மறுபக்கம் கோயம்புத்தூர். அங்கே ஒரு பல்வலிக்காக நாள் முழுக்க நடந்து வந்தவர்களைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத் திண்ணை, பிளாஸ்டிக் நாற்காலி, நெற்றியில் கட்டிய டார்ச். கரண்ட் போனால் டிரில் இல்லை. அதனால் 1980களில் தான்சானியாவில் உருவான முறைதான் கைகொடுத்தது: சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, பல் குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்டை வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்திப் பிடிப்பது. மரத்துப்போகப் போடும் ஊசி கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு சின்னப் பையன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றான். அந்தக் கருவியை அவன் நகத்தில் மெதுவாகச் சுரண்டிக் காட்டினேன். அப்புறம் அவனே வாயைத் திறந்தான். கருவிகளைப் பிரஷர் குக்கர் மாதிரியான ஸ்டெரிலைசரில் அடுப்பின் மேல் வைத்துச் சுத்திகரித்தோம். வரிசை எவ்வளவு நீண்டாலும் இதில் மட்டும் அவசரம் கூடாது.

பல் பிடுங்குவதில்தான் என் கவலை எல்லாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்காமல் ஊசியைத் தொடவில்லை. புதைந்த கடைவாய்ப் பல்லைத் தொடவேயில்லை. இரவில் ரத்தம் நிற்காவிட்டால், முகம் வீங்கினால் யார் பார்ப்பார்கள்? இதைப் போவதற்கு முன்பே முகாம் நடத்துபவர்களிடம் கேளுங்கள். எங்களுக்கு அங்குள்ள சுகாதார நிலையத்து ஊழியர் ஒருவர் பொறுப்பேற்றார். பல் எடுத்தவர்களின் பெயர், எந்தப் பல், கொடுத்த மருந்து எல்லாம் எழுதிய நோட்டை அவரிடம் கொடுத்து, பக்கம் பக்கமாக அவரோடு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஜீப்பில் ஏறினோம்.