நாரி நோவும் நான் எடுத்த எண்ணெயும்

நோ நாரியில, அதான் இடுப்புக்குப் பின்னால தொடங்கி, வலது பக்கப் பின்பக்கத்துக்குள்ளால தொடை, கெண்டைக்கால் எண்டு இறங்கி பெருவிரலில போய் நிக்கும், கரண்ட் அடிச்ச மாதிரி. தும்மினாலும் அடிக்கும். காரால இறங்கேக்க வலது காலைக் கையால தூக்கி வெளியில வைச்சிட்டுத்தான் மற்றக் காலை அசைக்கிறது. எம்ஆர்ஐயில, முள்ளந்தண்டின்ர கீழ்ப்பக்கத்து எல்4 எல்5 எலும்புகளுக்கு நடுவில டிஸ்க் பிதுங்கி நரம்பை அமத்துது எண்டு வந்தது. கன பேருக்கு உது சில கிழமையில தானா மாறும் எண்டவை, எனக்கு எட்டு மாசமாகியும் மாறேல்ல.

பிசியோ போனன், நாப்ரொக்சன் எண்ட நோக் குளிசை போட்டு வயிறு எரிஞ்சதுதான் மிச்சம், பிறகு நரம்பு நோவுக்குக் குடுக்கிற பிரிகாபலின். கடைசியா ஃபமிலி டொக்டர்தான் மெடிக்கல் கனபிஸ், அதான் மருந்துக் கஞ்சா எண்ட கதையை எடுத்தவ. எங்கட ஆக்களுக்கு கஞ்சா எண்டால் ஊர்ப் பேப்பரில வாற "கேரள கஞ்சா பிடிபட்டது" நியூஸ்தானே, மனிசி முதல் நாள் வாயே திறக்கேல்ல. கனடாவில 2001இலயே மருந்துக்கு எண்டு அனுமதி குடுத்திட்டினம், 2018 ஒக்டோபர் 17 வளந்த ஆக்கள் எல்லாருக்கும் சட்டமாக்கின பிறகு இஞ்ச ரொறொன்ரோ ஸ்காபரோவில ரோட்டுக்கு ரோடு கடை. கடையிலயே வாங்கலாமே எண்டு கேப்பியள். நான் பிரிகாபலினும் போடுறன், ரெண்டும் சேர்ந்தால் நித்திரை மயக்கம் கூடும், அதைப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். அதால கனபிஸ் கிளினிக்குக்குப் போனன்.

அங்க இருந்த நேர்ஸ் எந்த பிராண்ட், எவ்வளவு ஸ்ட்ரோங் எண்டு ஒண்டும் கதைக்கேல்ல. "உங்களுக்கு எத்தினை மணிக்கு நோகுது, காலமை எத்தினை மணிக்கு வேலை?" இதுதான் முதல் கேள்வி. எனக்கு நோ உச்சத்துக்கு வாறது இரவு 2 மணிக்கு, வேலை 7 மணிக்கு, அதுவும் வெயார்ஹவுசில ஃபோர்க்லிஃப்ட் ஓடுற வேலை. அப்பதான் எனக்கு விளங்கினது, எந்த வடிவத்தில எடுக்கிறது எண்டது முக்கால்வாசி மணிக்கூட்டுக் கணக்கு எண்டு.

புகையோ, வேப் எண்டு ஆவியா இழுக்கிறதோ எண்டால் சில நிமிசத்தில ஏறும், ஒரு ஆறு மணித்தியாலம் வரைக்கும் நிக்கலாம். திடீரெண்டு அடிக்கிற நோவுக்கு அது வசதிதான், ஆனா நான் சிகரட்டே பிடிக்காத ஆள், வீட்டில ரெண்டு பிள்ளையள், அந்த மணம் வேற. அதை விட்டாச்சு. கம்மி, அதான் கஞ்சா சேர்த்த மெல்லுற இனிப்பு எண்டால் வயித்துக்குள்ள போய் ஈரலால சுத்தி வரோணும், அரை மணித்தியாலத்தில இருந்து ரெண்டு மணித்தியாலம் எடுக்கும், முழுசா ஏற நாலு மணித்தியாலமும் ஆகலாம், 12 மணித்தியாலம் வரைக்கும் நிக்கும். ஒண்டும் செய்யேல்லையே எண்டு ரெண்டாவதைப் போடுறவைதான் மாட்டுப்படுறது.

கஞ்சாக் கிறீமை நான் ஆசைப்பட்டு வாங்கினனான், பூசுறது எண்டால் பயமில்லைத்தானே. ஆனா நோகிற சயாட்டிக் நரம்பு, நாரியில இருந்து காலுக்கு இறங்கிற நரம்பு, உடம்பிலயே தடிச்ச நரம்பு, பின்பக்கத்துப் பெரிய தசைக்கு அடியில ஆழத்தில கிடக்கு, அமத்துப்படுற இடமோ முள்ளந்தண்டுக்குள்ள. தோலுக்கு மேல பூசுறது அங்க எங்க போறது? மனிசி மணந்து பாத்திட்டு "இதுக்கு சித்தாலேப தைலம் போதுமே" எண்டா. காசு போனதுதான்.

கடைசியில எடுத்தது கஞ்சா எண்ணெய். நாக்குக்குக் கீழ விட்டால் கெதியா ஏறும் எண்டு கன பேர் சொல்லுவினம், ஆனா கனக்க விழுங்குப்பட்டுப் போகுது, அதால கம்மி மாதிரித்தான் மெதுவா வரும். அதைவிட எனக்குப் பெரிசு, அளக்கலாம். ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்ச், என்ர எண்ணெயில ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.யும் (கஞ்சாவில போதை ஏத்திற சாமான்) அதேயளவு சி.பி.டி.யும் (போதை ஏத்தாத சாமான்), 0.25 கோட்டில நிப்பாட்டினால் ரெண்டிலயும் 2.5 மில்லிகிராம். கம்மியைக் கத்தியால நாலா வெட்டிப் பாருங்கோ, சமனா வருதோ எண்டு. ஒரு நாள் கண்ணாடி போடாமல் 0.5 வரைக்கும் இழுத்திட்டன், அண்டிரவு குசினி ஃபிரிட்ஜ் இரைஞ்சது எனக்கு ரெயில் மாதிரிக் கேட்டுது, விடிஞ்சும் தலை பாரம்.

ஃபோர்க்லிஃப்டை சுப்பவைசரிட்டச் சொல்லி விட்டிட்டன், இப்ப ரிசீவிங்கில பேப்பர் வேலை. மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் குறைவு. இரவு எடுத்தது காலமை முழுசா இறங்கியிருக்கும் எண்டு ஆராலயும் அடிச்சுச் சொல்லேலாது, அதால வேலைக்கும் மனிசிதான் கார் ஓடுறா.

நோ போச்சுதோ? இல்லை. நடக்கேக்க இப்பவும் இருக்கு. ஆனா முந்தி ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பினவன் இப்ப நாலு அஞ்சு மணித்தியாலம் ஒரே இழுப்பாப் படுக்கிறன். 2021இல பிஎம்ஜே எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்த பரிந்துரையும் இவ்வளவுதான் சொல்லுது, மற்ற வைத்தியம் சரிவராட்டில் புகைக்காத வடிவத்தில பரீட்சிச்சுப் பாக்கலாம் எண்டு, அதுவும் பலவீனமான பரிந்துரை எண்டே போட்டிருக்கு. கால் விறைச்சு, ஒண்டுக்கு அடக்கேலாமல் போனால் எண்ணெயைத் தேடாமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கோ.

ஆவணியில நல்லூர்த் திருவிழாவுக்குப் போறம். டொக்டரின்ர கடிதம் இருந்தாலும் உந்த எண்ணெயைக் கனடா எல்லை தாண்டிக் கொண்டு போகேலாது. போன கிழமை அம்மா போனில, "என்னடா தம்பி, காலுக்கு என்ன மருந்து?"

"எண்ணெய் அம்மா."

"நல்லெண்ணெயோ? சூடாக்கித்தானே பூசுறாய்?"

"ஓம் அம்மா" எண்டன்.

"வா, இஞ்ச நான் காய்ச்சி வைக்கிறன்" எண்டா.