மாலை மையம் நடத்துவோர் கவனத்திற்கு

குடியாத்தம் பக்கம் தறியிலும் பீடி சுற்றுவதிலும் தாய்மார்கள் பொழுது சாய்ந்தும் வேலையாக இருப்பதால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை நேர மையம் பெரிய துணையாக இருக்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்று வகுத்தது; அதைத் தாண்டினால் கவனிப்பு குறையும் என்பதே என் எண்ணம். இடம் பார்க்கப் போகிறவர்கள் மின்விசிறியைப் பார்க்கிறார்களே தவிர, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வகுப்பு நடக்கையில் வாசற்கதவு திறந்தே இருக்க வேண்டும். அழைத்துப் போக வருகிறவர் "நான் சித்தப்பா" என்றாலும், வீட்டாரிடம் போனில் கேட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே பிள்ளையை அனுப்ப வேண்டும் (கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும்). குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைகளின் கண்மட்டத்தில் சுவரில் இருக்கட்டும். பசியோடு வருகிற பிள்ளைக்கு முதலில் ஒரு கை சுண்டல், பிறகு விளையாட்டு, அதன் பின்னரே வீட்டுப்பாடம்.