கான்டெஸாவுக்கு ஹோஸ் தேடிய கதை: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 7, 2024, ஞாயிறு

குன்னூர் போய்ச் சேரவில்லை. கல்லாறு தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பானெட்டுக்கடியிலிருந்து வெல்லம் காய்ச்சுவது போல ஒரு வாசனை வந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சூடான இரும்பில் பட்டால் அப்படித்தான் மணக்கும். ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பதற்குள் ஆவி கிளம்பிவிட்டது.

ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. அதில் 0.9 என்று அடித்திருக்கிறது, மூடி தாங்கும் அழுத்தம், பார் கணக்கில். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மெதுவாக மேட்டுப்பாளையம் இறங்கினோம். கேனில் பிடித்த பச்சைத் தண்ணீரைச் சாலையில் ஊற்றாமல் வீட்டுக்கே கொண்டுவந்தேன். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

வண்டி 1994 கான்டெஸா கிளாசிக், 1.8 பெட்ரோல். அப்பா வாங்கியது.

ஜனவரி 9, செவ்வாய்

ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாய்கள் இரண்டு, மேலே டாப் ஹோஸ், கீழே பாட்டம் ஹோஸ். மெக்கானிக் அண்ணன் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார். ஒழுகியது டாப் ஹோஸ்தான். பாட்டம் ஹோஸ் எனக்கு நன்றாக இருப்பதாகவே பட்டது. "வெளிய பளபளன்னுதாங்க இருக்கும். கிளிப் போடற எடத்துக்குப் பக்கத்துல அமுக்கிப் பாருங்க" என்றார். அமுக்கினேன். நடுவில் கெட்டியாக இருந்த ரப்பர், முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் பிளவுபட்டது போல நெகிழ்ந்தது. கத்தியால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்ளே கோடு கோடாக வெடிப்பு.

ரேடியேட்டர் ஒரு உலோகம், இன்ஜின் இன்னொரு உலோகம், நடுவில் கூலண்ட். இது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. ஹோஸ் ரப்பரிலும் கரி கலந்திருப்பதால் அதன் வழியாகவும் மெல்லிய மின்னோட்டம் போகும். அதுதான் உள்ளிருந்து ரப்பரைக் கீறுகிறது. வெளியே பார்த்து ஹோஸை நம்பக்கூடாது. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் இன்றைக்கே, இன்ஜின் ஆறியிருக்கும்போது, முனையை அமுக்கிப் பாருங்கள்.

ஜனவரி 20, சனி

கோவையில் எட்டுக் கடை ஏறி இறங்கிவிட்டேன். கான்டெஸா என்றதும் எல்லோருக்கும் முகம் மலர்கிறது, ஹோஸ் மட்டும் இல்லை. 2002-இல் உற்பத்தி நின்ற வண்டி, பிறகு எங்கிருந்து வரும்?

இந்த வண்டிக்குத் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் வழி வந்தது. இன்ஜின் ஜப்பானின் இசுஸு, 1817 சிசி. அதே குடும்பத்து இன்ஜின் அமெரிக்காவில் ஷெவர்லே லவ் பிக்கப்பில் ஓடியது. அந்த பிக்கப்பின் ஹோஸை வரவழைத்தால் இன்ஜின் பக்கம் பொருந்தலாம், ரேடியேட்டர் பக்கம் வேறு திசையைப் பார்க்கும். விக்டரின் ஹோஸுக்கு இது தலைகீழ். இந்த இரண்டு நாட்டையும் இணைக்கும் வளைவு கான்டெஸாவில் மட்டும்தான் இருந்தது.

ஜனவரி 27, சனி

சென்னை. காலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, மதியம் புதுப்பேட்டை. ஒரு கடையில் பிரிக்காத உறையோடு ஒரு பாட்டம் ஹோஸ்! கை நடுங்கியது. வளைத்துப் பார்த்தேன், வளைவின் முதுகில் முடி முடியாக வெடிப்பு. இருபது வருடத்துக்கு மேல் கிடங்குச் சூட்டில் கிடந்த ரப்பர் அது. உறை பிரிக்கவில்லை என்பதால் அது புது ஹோஸ் ஆகிவிடாது. ஆனாலும் வாங்கினேன், மாட்டுவதற்காக இல்லை. வடிவம் கெடாமல் இருந்தது, அளவெடுக்க அதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

டாப் ஹோஸுக்கு வழி பிறந்தது. வீட்டில் ஜி.ஐ. கம்பியை இரண்டு முனைக்கும் நடுவில் வளைத்து எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் பெரியவர் வண்டிப் பெயரையே கேட்கவில்லை. கம்பியை வாங்கி, சுவரில் தொங்கிய ஹோஸ்களோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு டிராக்டர் ஹோஸ். இரண்டு பக்கமும் நறுக்கினால் சரியாக வரும் என்றார், வந்தது. வண்டிப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் அலைந்திருப்பேன்.

பிப்ரவரி 3, சனி

பாட்டம் ஹோஸுக்கு எந்தக் கம்பியும் ஒத்துவரவில்லை. 'எஸ்' மாதிரி வளைவு, அதிலும் ஒரு முனை மற்றதைவிட 3 மில்லிமீட்டர் பெரிசு. சிலிகான் எல்போக்களை, அதாவது வளைந்த குழாய்த் துண்டுகளை, அலுமினியக் குழாய் வைத்து இணைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு இணைப்புக்கு இரண்டு கிளிப் கூடும், அத்தனையும் ஒழுகக்கூடிய இடங்கள். சாதாரண திருகுக் கிளிப்பின் பள்ளத்தில் சிலிகான் மாட்டி அறுபடும் என்பதும் தெரியும்.

பிப்ரவரி 10, சனி

ஊருக்கு வெளியே ஒரு சின்ன ரப்பர் பட்டறை. மில்களுக்கு ரோலர் போடுகிறவர்கள். சென்னையில் வாங்கிய ஹோஸைப் பார்த்து முதலில் இரும்புக் கம்பியில் அச்சு வளைத்தார்கள், இரண்டு முனையின் தடிமனையும் லேத்தில் கடைந்தார்கள். அதன் மேல் இன்னும் வேகாத ஈபிடிஎம் ரப்பர், மேலே பாலியஸ்டர் துணி, மறுபடி ரப்பர். பிறகு ஈர நைலான் நாடாவை இறுக்கிச் சுற்றி நீராவிக் கலத்துக்குள். நாடா சுருங்க சுருங்க ரப்பர் இறுகும். வெளியே எடுத்து நாடாவைப் பிரித்தபோது அதன் நெசவு அப்படியே ஹோஸின் மேல் பதிந்திருந்தது. சோப்புத் தண்ணீரும் காற்றும் விட்டு அச்சிலிருந்து உருவினார்கள். அந்தச் சூடான ரப்பரைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது.

எண்ணெய் படும் இடமா என்று பட்டறைக்காரர் கேட்டார், நல்ல கேள்வி. ஈபிடிஎம் சூட்டையும் கூலண்டையும் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். இன்ஜின் மேலிருந்து எண்ணெய் கசிந்து ஹோஸில் படாமல் இருக்க, வால்வ் கவர் கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மாட்டியாயிற்று. முதலில் குழாய் வாய்களில் இருந்த வெள்ளைப் படிவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். இதை விட்டால் புது ஹோஸும் ஒழுகும். கிரீஸ் தடவாமல் வெறும் சோப்புத் தண்ணீர்தான். பாட்டம் ஹோஸ் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், வேகமாக ஓட்டும்போது சப்பையாக ஒடுங்காமல் இருக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்தது, அது துருப்பிடித்துப் பாதியாகியிருந்தது. அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சுருட்டிப் போட்டோம்.

கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை. முன்பக்கத்தை உயர்த்தி, மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரையும் திறந்து இன்ஜினை ஓடவிட்டோம். இருபது நிமிடம் குமிழி வந்துகொண்டே இருந்தது. உள்ளே காற்று நின்றால் சூடேறி, இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும், இதில் அவசரப்படக்கூடாது.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆறு நாள் ஊருக்குள் ஓட்டியபின் கிளிப்புகளை மறுபடி இறுக்கினேன். எல்லாம் கால் சுற்று வாங்கின. அப்புறம் குன்னூர். பதினான்கு வளைவும் ஏறியும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. இந்தத் தடவை அம்மாவும் வந்தார்.

மார்ச் 3, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். 1991 கான்டெஸா, அதே பாட்டம் ஹோஸ். ரேடியேட்டர் மாற்றிய வண்டியாக இருக்கலாம், அதனால் கம்பியில் அளவெடுத்து வரச் சொன்னேன். அச்சு பட்டறையில்தான் இருக்கிறது. 'கான்டெஸா, கீழ்' என்று பெயின்டில் எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். காசு கொடுத்தது நான் என்றாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. புதன்கிழமை அவரோடு நானும் போகிறேன்.