இனி வேலைக்கு வருபவரின் சம்பளம்

பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கடைசிச் சம்பள ஒப்பந்தத்தில், பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்ட தாளில், ஒரு சிறிய சரத்து இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளுக்குப் பின் பணியில் சேரும் நிரந்தரத் தொழிலாளர்களுக்குத் தனி ஊதிய விகிதம் பொருந்தும் என்பது அதன் சாரம். அவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு, ஆண்டு உயர்வு குறைவு, வீட்டு வாடகைப்படியும் அதற்கேற்பக் குறைவு. ஆனால் இயந்திரமும் ஷிஃப்டும் உற்பத்தி இலக்கும் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். அந்தச் சரத்து எழுதப்பட்டபோது அதை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. அந்தச் சரத்தால் பாதிக்கப்படப் போகிறவர்களில் ஒருவர்கூட அன்று தொழிற்சாலைக்குள் இல்லை.

இப்போது அவர்கள் வந்துவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று சித்தூர் தாலுகாவின் தமிழ் பேசும் ஊர்களிலிருந்தும், வாளையாறுக்கு அப்பால் எட்டிமடை, மதுக்கரைப் பக்கத்திலிருந்தும் வருகிற இளைஞர்கள் அவர்களில் கணிசமானவர்கள். சங்கத்தின் சுற்றறிக்கை மலையாளத்தில் ஒட்டப்படுகிறது, அதைப் பற்றிய சண்டை கேண்டீனில் தமிழில் நடக்கிறது. (சுற்றறிக்கையைத் தமிழிலும் போடலாமே என்று பல முறை கேட்டாயிற்று, அது வேறு கதை.) சண்டையின் பொருள் ஒன்றுதான். தனக்குக் குறைந்த சம்பளம் பேசிக்கொடுத்த சங்கத்துக்குத் தான் ஏன் மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று இளைஞர் கேட்கிறார். “நான் சேர்றதுக்கு மிந்தியே என் சம்பளத்தப் பேசி முடிச்சுட்டீங்களேங்ண்ணா” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

மூத்தவர்களின் பதில் எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். சங்கம் இல்லையென்றால் இந்தப் பையன்களுக்கு நிரந்தர வேலையே கிடைத்திருக்காது, எல்லோரும் ஒப்பந்தக்காரரின் பட்டியலில்தான் இருந்திருப்பார்கள், கேண்டீன் மானியமும் மருத்துவக் காப்பீடும் வானத்திலிருந்து விழவில்லை என்பார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்பவர்களின் நிலையைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதத்தின் எடை தெரியும். ஆனாலும் அது கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது. வேலை கிடைத்தது எப்படி என்று இளைஞர் கேட்கவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு விலையை ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்றுதான் கேட்கிறார்.

ஏன் ஒப்புக்கொண்டோம் என்பதை மூடி மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகம் வைக்கும் நிபந்தனைகளிலேயே சங்கத்துக்கு மிகவும் வசதியானது இதுதான். உற்பத்தியைக் கூட்டு என்றாலோ, இருக்கிற படியை வெட்டு என்றாலோ, மறுநாள் கேட் மீட்டிங்கில் தலைவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இனி வருபவர்களுக்குக் குறைத்துக்கொள்கிறோம், அதற்கு ஈடாக இருப்பவர்களுக்குக் கேட்ட உயர்வைத் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னால், எதிர்க்க ஆளே இல்லை. நிர்வாகத்துக்கும் அவசரம் கிடையாது. மூத்தவர்கள் ஓய்வுபெறப் பெற, அந்த இடங்களில் புது விகிதத்தில் ஆட்கள் வரவர, சம்பளச் செலவு தானாகவே இறங்கிக்கொண்டு போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் இந்த இடத்தில் இளைஞருக்குக் கைகொடுப்பதில்லை. எங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானபோது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, சமரச அதிகாரியின் முன்னிலையில் ஏற்படும் ஒப்பந்தம், நாம் பொதுவாக 12(3) ஒப்பந்தம் என்று சொல்வது, சங்க உறுப்பினர்களை மட்டுமல்லாமல் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். 18(3) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பிற்பாடு வேலையில் சேருபவர்களையும் அது கட்டுப்படுத்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நீதிமன்றத்துக்குப் போனாலும், ஒப்பந்தத்தை மொத்தமாகப் பார்த்து அது நியாயமா என்று எடைபோட வேண்டுமே தவிர, ஒரு சரத்தை மட்டும் தனியே பிய்த்தெடுத்துப் பார்க்கக் கூடாது என்பதே பொதுவான அணுகுமுறையாக இருந்துவந்திருக்கிறது. மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் காப்பாளர் விற்றுவிட்டால், அந்தப் பிள்ளை வயதுக்கு வந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பிற்பாடு வேலைக்கு வரும் தொழிலாளிக்கு அந்த வசதிகூட இல்லை.

இது தனியார் தொழிற்சாலைகளின் நோய் மட்டும் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 31.5.2009 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாளான 1.6.2009 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. படிப்பும் வகுப்பும் பாடநூலும் ஒன்றே. ஒரே ஒரு நாள் இடைவெளியில் 3,170 ரூபாய் போயிற்று. அது தொடக்கத்தில் இருந்த வித்தியாசம். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் சதவீதமாகக் கணக்கிடப்படுவதால் ஒவ்வொரு உயர்விலும் அது பெருகிக்கொண்டே போனது. 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். நான் அதில் கவனித்தது வேறொன்று. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டு போராட வேண்டியிருந்தது. முன்பே இருந்த பெரிய ஆசிரியர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் இந்தப் பிரச்சினையும் இருந்தது என்றாலும், பட்டியலில் ஒரு வரியாக இருப்பது வேறு, அதற்காகவே பட்டினி கிடப்பது வேறு.

அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்திலும், பழைய திட்டம் யாருக்கு, புதியது யாருக்கு என்று பணியில் சேர்ந்த தேதியை வைத்து இதே கோடு கிழிக்கப்பட்டது: தமிழ்நாட்டில் 1.4.2003, மத்திய அரசில் 1.1.2004, கேரளத்தில் 1.4.2013. அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களுடன் அந்நாட்டு வாகனத் தொழிலாளர் சங்கம் 2007இல் செய்துகொண்ட ஒப்பந்தமும் புதியவர்களுக்கு ஏறத்தாழப் பாதிக் கூலியை ஏற்றுக்கொண்டது. 2023இல் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் அந்த அடுக்குகளைப் பெருமளவு உடைக்க முடிந்தது. உச்ச விகிதத்தை எட்ட எட்டு ஆண்டு என்றிருந்ததை மூன்றாகக் குறைத்தார்கள். ஒரே கையெழுத்தில் வந்ததை அகற்ற 16 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

சந்தா கட்ட மாட்டேன் என்கிற இளைஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது மூணாறை. 2015 செப்டம்பரில், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். கட்சிச் சங்கங்களின் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல் ஒன்பது நாள் போராடி, போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களுடைய அமைப்பின் பெயர் அப்படித்தான் நாடெங்கும் தெரிந்தது. சங்கத்தை உதறிவிட்டு வென்றார்கள் என்று சொல்வது எளிது. அடுத்த மாதம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்ட 500 ரூபாய் நாட்கூலி, கட்சிச் சங்கங்களும் தோட்ட முதலாளிகளும் அரசும் உட்கார்ந்த தோட்டத் தொழிலாளர் குழுவில்தான் பேசப்பட்டு 301 ரூபாயில் முடிந்தது. தெருவைக் கைப்பற்றியவர்களால் மேசையைக் கைப்பற்ற முடியவில்லை. அந்தப் பெண்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் விட்ட இடத்தில் எங்கள் பையன்கள் தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே சந்தாவை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சந்தா கட்டாதவருக்கும் ஒப்பந்தத்தின் பலன் கிடைக்கும் என்பது உண்மை. ஒப்பந்தத்தின் கெடுதலும் கிடைக்கும் என்பதை அவர்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். கேரளத்தில் 2010ஆம் ஆண்டின் தொழிற்சங்க அங்கீகாரச் சட்டப்படி, எந்தச் சங்கம் பேச வேண்டும் என்பதை ரகசிய வாக்கெடுப்பு தீர்மானிக்கிறது. ரெஃபரண்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பழைய விகிதத்தில் இருப்பவருக்கும் ஒரு ஓட்டு, புது விகிதத்தில் இருப்பவருக்கும் ஒரு ஓட்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமோ, பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கம் இருந்தால் அதற்கே தனித்துப் பேசும் உரிமை என்கிறது. எந்த வழியில் போனாலும் தலைக் கணக்குதான் தீர்மானிக்கும். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஆண்டும் மூத்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள்; கணக்கு இளைஞர்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் வெளியே போவது, நிர்வாகம் காசு கொடுத்தாலும் வாங்க முடியாத உதவியை இனாமாகக் கொடுப்பதாகும்.

உள்ளே வந்து என்ன கேட்பது? சதவீத உயர்வைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, பழைய அடிப்படை 24,000 ரூபாய், புதியது 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சமமாகப் பத்து சதவீதம் என்று அறிவித்தால் கைதட்டல் விழும். ஆனால் ஒருவருக்கு 2,400, மற்றவருக்கு 1,400, பத்தாயிரமாக இருந்த இடைவெளி பதினோராயிரம் ஆகிவிடும். இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருந்தால், அதே செலவில் ஆளுக்கு 1,900 ரூபாய் கொடுக்கலாம். அப்போதும் இடைவெளி குறையாது, ஆனால் வளராது. அதைக் குறைப்பதற்கு, இத்தனை ஆண்டு பணி முடித்தவர் பழைய விகிதத்துக்கு மாறுவார் என்ற சரத்து தனியாக வேண்டும். நான் ஐந்து ஆண்டு என்று முன்மொழியப் போகிறேன். நிர்வாகம் பத்து என்று தொடங்கும்.

மூத்தவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும், அதற்குக் காரணமும் இருக்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் மூத்தவருக்கு மாதம் 500 ரூபாய் குறைகிறது. அடிப்படையில் குறைவதால் பி.எஃபில் நிர்வாகத்தின் பங்கும் 60 ரூபாய் குறையும். பணிக்கொடை கடைசிச் சம்பளத்தின் மீது, ஆண்டுக்கு 15 நாள் வீதம், 26ஆல் வகுத்துக் கணக்கிடப்படுவதால், 30 ஆண்டு பணி செய்து போகிறவருக்கு அதில் சுமார் 8,650 ரூபாய் நட்டம். இந்தத் தொகைகளை மறைத்துவிட்டு ஒற்றுமை என்று பேசினால் பொதுக்குழுவில் பத்து நிமிடம் தாங்காது. ஓய்வுபெற இரண்டு ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த நட்டத்தை ஈடுகட்ட ஒருமுறைத் தொகை ஒன்றைக் கோரிக்கைப் பட்டியலிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். செயலாளர் யோசிக்கிறோம் என்றார். பேச்சுவார்த்தைக் குழுவில் புது விகிதத்திலிருந்து இரண்டு பேரைச் சேர்ப்பது பற்றிக் கேட்டபோது, அவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்.