நான் அம்மாவுக்குச் சொல்ல முன்னம் லிங்க்ட்இன் சொன்ன செய்தி

போன ஆவணி, நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் எனக்குப் பதவி உயர்வுக் கடிதம் தந்தார்கள். சீனியர் கியூஏ இன்ஜினியராக இருந்த நான் அந்த மாதம் 1ஆம் திகதி தொட்டு கியூஏ லீட், அதாவது குழுவுக்குத் தலைமை. மென்பொருளை ஆட்களிடம் கொடுக்க முன்னம் அதில் பிழை பிடிக்கிற வேலை. அம்மா ஊரில் சொல்லுவது, "பிள்ளை கொம்பியூட்டரிலை பிழை பிடிக்கிறவ" என்று. ஏழு வருஷமாகப் பிறத்தியாரின் பிழையைப் பிடித்த எனக்கு, இந்தச் செய்தியை லிங்க்ட்இன்னில் (வேலைத் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளம்) வெளியில் விடுகிற விஷயத்தில் மட்டும் அடுத்தடுத்துப் பிழை. இப்போது வேறு ஆட்களும் என்னிடம் "எப்படிப் போடுறது?" என்று கேட்கிறார்கள், அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

கடிதத்தைத் தரும்போதே ஹெச்ஆர் (ஆளணிப் பிரிவு) அக்கா சொன்னவ, திங்கட்கிழமை எல்லாருக்கும் மெயில் போகும், அதுவரைக்கும் வெளியிலை சொல்லாதேங்கோ என்று. தலையாட்டினேன். வீட்டிலும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் மத்தியானத்துக்கு முன்னம் கொக்குவில் முழுக்கப் போய்விடும், சனிக்கிழமை ஆறுதலாக இருந்து சொல்லுவம் என்பது என் திட்டம்.

ஆனால் கை சும்மா இருக்காதே. இரவு பத்து மணிக்குக் கட்டிலில் இருந்தபடி, பதிவு ஒன்றும் போடாமல் புரொஃபைலை மட்டும் திருத்துவம் என்று லிங்க்ட்இன்னைத் திறந்தேன். பழைய பதவியின் பெயரை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் 2018ஆம் ஆண்டிலிருந்தே நான் லீட் என்று நிற்கிறது, சேர்ந்த முதல் நாளே லீட்! இதைச் செய்யாதேங்கோ. பழையதுக்கு முடிந்த மாதத்தைப் போட்டு அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒரு பதவி சேர்க்க வேண்டும், கம்பனியின் பெயரைக் கையால் அடிக்காமல் கீழே விழுகிற பட்டியலிலிருந்து அதே கம்பனியைத் தெரிய வேண்டும், அப்போதுதான் ஒரே பெயருக்குக் கீழே இரண்டும் படி மாதிரி வந்து நிற்கும், பார்க்கிறவருக்கும் இவள் கீழேயிருந்து ஏறி வந்தவள் என்று விளங்கும்.

சரி, அதையும் செய்து சேமித்தேன். அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், இந்த மாற்றத்தை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கவா என்று. என்னுடையது ஓனில் கிடந்தது. நான் பார்க்கவில்லை. அடுத்தவன் எழுதின புரோகிராமில் என்றால் முதல் அதைத்தான் தட்டிப் பார்த்திருப்பேன்.

காலை ஐந்தரைக்கு அம்மாவின் போன் அடித்தது. ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் இரவு எட்டு மணி, மச்சாள் சாப்பிட்டுவிட்டு போனை நோண்டியிருக்கிறா. அம்மா தோய்ந்து, சேலை உடுத்து, பூசைக்குப் போக ஸ்கூட்டிக்குக் காத்து நிற்கிற நேரம். வட்ஸ்அப் கோலை ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது: "மாமி, வாழ்த்துக்கள்! புது வேலையாமே!" அம்மா என் அறை வாசலில் வந்து நின்றா. கோபம் இல்லை, கோபம் என்றாலும் பரவாயில்லை. "ஏன் பிள்ளை, இருந்த வேலை போயிட்டுதோ?" என்றுதான் முதல் கேட்டா.

அது அம்மாவின் பிழை இல்லை. லிங்க்ட்இன் தானாக அனுப்புகிற அறிவித்தலில், இன்னார் புதிய பதவியைத் தொடங்குகிறார், வாழ்த்துங்கள் என்கிற மாதிரித்தான் இருக்கும். உள்ளுக்கேயே உயர்ந்தாலும் அதே வசனம், வேறு கம்பனிக்கு ஓடினாலும் அதே வசனம். கொழும்பில் என்னோடு முந்தி வேலை செய்த ஒருத்தி "எங்கை மாறினனீ? அங்கை ஆள் எடுக்கினமோ?" என்று சிவியையே அனுப்பிவிட்டாள். ஒன்பது மணிக்குள் இருபதுக்கு மேல் வாழ்த்து, பாதிப் பேர் லிங்க்ட்இன் எழுதிக் கொடுத்த அதே ஒற்றை வரியை ஒரு தட்டுத் தட்டி அனுப்பினவர்கள். அந்தப் பதவியை அழித்தேன். அழித்தால் புரொஃபைலில்தான் இல்லாமல் போகும், பார்த்தவரின் கண்ணிலிருந்து போகாது. ஹெச்ஆர் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவ ஏசவில்லை. "ஆட்கள் பார்த்திட்டினம், இனி என்ன, திங்கள் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருங்கோ" என்றா.

அம்மாவையும் ஹெச்ஆரையும் சமாளிக்கலாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு ஒரு ஆள்.

எங்கள் டீமில் ஒரு அண்ணை இருக்கிறார். எனக்கு ஒரு வருஷம் முந்தி வந்தவர், நான் சேர்ந்தபோது ஒரு பிழையை எப்படி எழுதினால் புரோகிராம் எழுதினவன் கோபிக்காமல் திருத்துவான் என்று சொல்லித் தந்தவரே அவர்தான். இந்த இடம் அவருக்குத்தான் என்று நானே நினைத்திருந்தேன். பத்து மணிக்கு அவரைப் பக்கத்துக் கடைக்கு ரீ குடிக்கக் கூப்பிட்டேன். இரண்டு பிளேன்ரீ, ஒரு வாய்ப்பன். வாய்ப்பனைப் பிய்த்துப் பாதியை எனக்கு நீட்டினார், எப்போதும் போல.

"அண்ணை, நான் சொல்லி நீங்கள் கேள்விப்பட்டிருக்கோணும்."

"லிங்க்ட்இன் சொல்லிச்சுது," என்றார். "ராத்திரியே."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர் கப்புக்கு அடியில் கிடந்த சீனியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார், நன்றாகக் கரைந்த பிறகும். பிறகு சொன்னார்: "நீர் செய்வீர், அதிலை பிரச்சினை இல்லை. ஒண்டு மட்டும். போஸ்ட் போடேக்கை என்ரை பேரை அதிலை போட்டு நன்றி சொல்லாதையும்."

நான் அதைத்தான் செய்ய இருந்தேன். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து முதல் ஆளாக அவரை டாக் பண்ணி (அவருடைய பெயரைப் பதிவோடு இணைத்து), "இவர் இல்லாமல் நான் இல்லை" என்று எழுத இருந்தேன். அதன் கீழே இருநூறு பேர் வந்து எனக்குக் கைதட்ட, அவருடைய போனும் கிணுங்கியிருக்கும். யாரை டாக் பண்ணுவதென்றாலும் முதல் அவரிடம் கேளுங்கோ. கேட்டால் "வேண்டாம்" என்பார்களோ என்று தோன்றுகிற ஆளிடம் கட்டாயம் கேளுங்கோ.

திங்கட்கிழமை மெயில் போனது. அதற்குப் பிறகுதான் பதிவு எழுத இருந்தேன். லிங்க்ட்இன்னில் எல்லோரும் எழுதுகிற மாதிரி ஆங்கிலத்தில், பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன், இந்தப் பயணத்தில், நெகிழ்ந்துபோனேன் என்று ஒரு நீட்டு எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவர் அதிபரானபோது அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பழைய மாணவர் ஆட்கள் பத்திரிகையில் கால் பக்கத்துக்குப் படத்தோடு "பாராட்டி வாழ்த்துகிறோம்" போட்டார்கள், அதை வெட்டி பிளாஸ்ரிக் கவரில் இட்டு இன்றைக்கும் ஃபைலில் வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் முறை அப்படித்தான்: ஒருவர் உயர்ந்தால் ஊர்தான் சொல்லும், பள்ளிக்கூடம் சொல்லும், சனசமூக நிலையம் சந்தியில் பனர் கட்டும். உயர்ந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு பொன்னாடையை வாங்குவார். தன்னைப் பற்றித் தானே சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை, சொன்னால் தற்பெருமை. லிங்க்ட்இன்னில் நீயே சொல்லாவிட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் விரல் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அப்பா சிவப்புப் பேனையை எடுத்தார். போன் திரையைப் பார்த்துப் பார்த்து, ஒரு கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே போனார். முடிவில் எண்ணிச் சொன்னார்: "முதல் பந்தியிலை மட்டும் ஏழு 'நான்'. நீ என்ன வேலை செய்யிறாய் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை."

"அது எல்லாருக்கும் தெரியும் அப்பா."

"எனக்குத் தெரியாதே."

அதற்குத்தான் அவருக்கு அந்த 31ஆம் திகதிக் கதையைச் சொன்னேன். சேர்ந்த முதல் வருஷம் நான் பிடித்த பிழை. பதிவு செய்கிற பக்கம் ஒன்றில் ஜனவரி 31ஐக் கொடுத்து "அடுத்த மாதம்" என்று அழுத்தினால் பெப்ரவரியைத் தாண்டி மார்ச் 3 என்று காட்டும். ஏனென்றால் புரோகிராம் மாத எண்ணை மட்டும் ஒன்று கூட்டும், பெப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது, 28 போக மிஞ்சின மூன்று நாளும் மார்ச்சுக்குள் வழியும். 30ஆம் திகதியில் பார்த்தாலும் பிழைதான், 28இல் பார்த்தால் சரியாகத் தெரியும். அதனால் யாருடைய கண்ணிலும் படாமல் கிடந்தது. அப்பா கணித ஆசிரியராக இருந்தவர். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இதை எழுது, இது விளங்குது" என்றார்.

ஆகவே முதல் வரி ஆங்கிலத்தில், அதே கம்பனி, புதுப் பொறுப்பு, அவ்வளவுதான், வேலை போயிட்டுதோ என்று இனி ஒருவரும் கேட்காதபடிக்கு. அடுத்த வரியிலிருந்து தமிழ், "ஜனவரி 31ஐக் கொடுத்து" என்று தொடங்கும். பதிவு 3000 எழுத்துவரை நீளலாம், ஆனால் முதல் இரண்டு மூன்று வரிக்கு மேல் "மேலும்" என்று மடித்துவிடும், அதை அழுத்திப் படிக்கிறவர்கள் குறைவு. அந்த மூன்று வரிக்குள் மனிதன் கதை கேட்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். பெயருக்குக் கீழே வருகிற தலைப்பு வரிக்கு 220 எழுத்துத்தான். அதையும் தமிழில் போடப் பார்த்தேன். "கொக்குவில்" எங்களுக்கு 5 எழுத்து, யூனிகோடுக் கணக்கில் 10, புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். போதாததுக்கு "குழுத்தலைவி" என்று வாசிக்கப் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணி மாதிரி இருந்தது. தலைப்பை ஆங்கிலத்திலேயே விட்டேன்.

படம்? கேக் வெட்டுகிற படம் வேண்டாம் என்று என் மேசையில் இருந்தபடி ஒன்று எடுத்தேன். போடுவதற்கு முன் பெருப்பித்துப் பார்த்தால் பின்னால் வெள்ளைப் பலகையில் எங்கள் வாடிக்கையாளரின் பெயர் பச்சை மார்க்கரில் கொட்டை எழுத்தாக. ஒப்பந்தப்படி அந்தப் பெயர் வெளியில் வரக் கூடாது. வெட்டினேன். அலுவலகப் படம் போடுகிறவர்கள் முகத்தைப் பார்த்தது போதும், முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கோ.

செவ்வாய் பின்னேரம் நாலு மணிக்குப் போட்டேன், லண்டனில் பதினொன்றரை, எங்கள் வாடிக்கையாளர் ஆட்கள் ரீ குடிக்கிற நேரம். இந்த முறை சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டுத்தான் புரொஃபைலில் பதவியைத் திரும்பச் சேர்த்தேன், ஒரே செய்தி இரண்டு தரம் போகாமல். பேர் போட்டு நன்றி சொன்னது இரண்டு பேருக்கு, இரண்டு பேரிடமும் கேட்டுத்தான். அண்ணை ஒன்றும் எழுதவில்லை, பெப்ரவரிக் கதைக்குச் சிரிக்கிற குறி மட்டும் போட்டார். அந்த ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மற்றதெல்லாம் எதிர்பார்த்தது போலத்தான். கடன் தருகிறோம் என்று இரண்டு பேர், கோர்ஸ் படியுங்கோ என்று நாலு பேர். யாரோ பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட, லண்டன் மாமி நேரே விஷயத்துக்கு வந்தா: "லீட் எண்டால் சம்பளம் என்ன வரும் பிள்ளை?" நான், "8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் மாமி" என்றேன். இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் சாதகம் கேட்டிருக்கிறா. அன்றைக்கு இரவு அம்மா என்னைக் கதிரையில் இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி மூன்று தரம் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டா. மிளகாய் நெடி அடித்தால் நாவூறு இல்லையாம், அடிக்காவிட்டால் பட்டிருக்காம். நெடி அடிக்கவில்லை என்று அம்மா சொன்னா. எனக்கோ இருமல் வந்தது. அதை அவ கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா, பதிவைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னார், ஃபைலில் வைக்க. லப்டொப்பில் பக்கத்தைத் திறந்து பிடிஎஃப் ஆக்கிச் சந்தியில் இருக்கிற கொமியுனிகேசன் கடைக்கு அனுப்பி, கலர் பிறின்ற் எடுத்து வந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியைப் படித்து, இரண்டாம் வரிக்கு வந்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"மிச்சம் எங்கை?"

"மேலும்" என்பதை அழுத்தாமலேயே எடுத்திருக்கிறேன்.